பழைய நகை எந்த மரபைச் சேர்ந்தது என்று அறியும் முறை

புதுச்சேரியிலோ கடலூரிலோ பழைய வீடொன்றின் இரும்புப் பெட்டியைத் திறந்தால், கெம்பு எனும் சிவப்புக்கல் பதித்த ராக்கோடி என்ற தலையணியும், பிரெஞ்சு முத்திரை குத்திய காதணியும், சைகோனிலிருந்து வந்த பச்சை ஜேடு வளையலும், அடகுக் கடை ஏலத்தில் எடுத்த ராஜஸ்தான் வெள்ளிக் காப்பும் ஒரே துணி முடிச்சுக்குள் கிடக்க வாய்ப்புண்டு. துறைமுக வணிகமும், பிரெஞ்சு ஆட்சியும், இந்தோசீனாவில் உத்தியோகம் பார்த்துத் திரும்பிய குடும்பங்களும், தெருவுக்குத் தெரு இருக்கும் சேட்டுக் கடைகளும் சேர்ந்து இந்தக் கரையோரத்து நகைப் பெட்டிகளைக் கலவையாக்கி வைத்திருக்கின்றன. இப்படிப்பட்ட பெட்டியிலிருந்து ஒரு நகையை எடுத்து, அது எந்த மக்களின் மரபைச் சேர்ந்தது என்று எப்படிப் படிப்படியாகக் கண்டறிவது என்பதை இங்கே விளக்குகிறேன்.

தொடங்கும்போதே ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஒரு நகையின் பூர்வீகம் என்பது ஒரே கேள்வி அன்று. அது எங்கே செய்யப்பட்டது, யார் அணிவதற்காகச் செய்யப்பட்டது, அதிலுள்ள பொன்னும் கல்லும் மணியும் எங்கிருந்து வந்தன, வடிவம் எந்த வழக்கத்தைப் பின்பற்றியது என்று நான்கு கேள்விகள் அதற்குள் இருக்கின்றன. மத்தியதரைக் கடலில் எடுத்த பவழத்தைக் கடலூர்ப் பத்தர் ஒருவர் தெலுங்கு பேசும் குடும்பத்துத் தாலிச் சரட்டில் கோத்திருந்தால், அந்தச் சரட்டை இத்தாலிய நகை என்பதும் தவறு, ஆந்திர நகை என்று முடிப்பதும் அரைகுறை. நான்கு விடைகளையும் தனித்தனியே தேடுபவருக்கே இந்த வேலை கைகூடும். இவற்றுள் யார் அணிந்தது என்ற கேள்விதான் மரபைப் பற்றிய கேள்வி. அதற்கான விடை நகையின் முகப்பைவிட அதன் பின்புறத்திலும், கொக்கியிலும், உடம்பில் அது உட்காரும் விதத்திலும்தான் பெரும்பாலும் கிடைக்கிறது என்பது என் கருத்து.

கழுவுவதற்கு முன்

பழைய நகை கைக்கு வந்ததும் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறவைத்துத் தேய்ப்பது நம் வீடுகளின் வழக்கம். ஆராய்ந்து முடிக்கும்வரை அதைத் தள்ளிவையுங்கள். இடுக்கில் இறுகிய மஞ்சளும், வெடித்து உதிரும் அரக்கும், கறுத்துப்போன பழைய நூலும் சான்றுகள். சரட்டின் கணுக்களில் மஞ்சள் படிந்திருந்தால் அந்த நகை விசேஷ நாளுக்கென்று பெட்டியில் இருந்ததன்று, அன்றாடம் கழுத்தில் கிடந்தது என்று தெரிகிறது. மணிகளைக் கோத்த வரிசையும் முடிச்சும் நூல் அறுந்தால் திரும்பக் கிடைக்கமாட்டா. ஆகவே முதலில் நூலோடு, முன்னும் பின்னும், அளவுகோல் ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டு, எடையையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடி, சிறு தராசு, காந்தம், கைவிளக்கு ஆகியவை போதும். விளக்கை நேரே அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் உளியின் தடமும் தேய்மானமும் எழுந்து தெரியும். உரைகல்லில் உரைத்துப் பார்ப்பதை நம்பிக்கையான பத்தரிடம் விட்டுவிடலாம். அது மாற்றை, அதாவது பொன்னின் தூய்மையைச் சொல்லுமே தவிர மரபைச் சொல்லாது.

அதன் பிறகு காகிதங்களைத் தேட வேண்டும். நகைக்கடை ரசீது, அடகுச் சீட்டு, பாகப்பிரிவினைப் பத்திரம், ஸ்டுடியோவில் எடுத்த திருமணப் படம் ஆகிய ஒவ்வொன்றும் பயன்படும். புதுச்சேரிக் குடும்பங்களில் பிரெஞ்சுக் காலத்து நொத்தேர் (நோட்டரி) பத்திரங்கள் எஞ்சியிருந்தால் அவற்றையும் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். சொத்துப் பட்டியலில் நகைகளும் இடம்பெற்றிருக்கக்கூடும். திருமணப் படத்தை மட்டும் சற்று எச்சரிக்கையோடு பார்க்க வேண்டும், ஏனெனில் இரவல் நகை போட்டுக்கொண்டு மணவறையில் உட்கார்வது நம் ஊரில் புதிதன்று.

வீட்டுப் பெரியவர்களிடம் கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. எவ்வளவு பழையது என்று கேட்டால் எல்லோரும் நூறு வருஷத்துக்கு மேல் என்றுதான் சொல்வார்கள். அதைவிட, “ஆயா, இதை எந்த எடத்துல போடுவீங்க, கூட என்ன போடுவீங்க, எந்தெந்த நாள்ல எடுப்பீங்க, எந்தப் பத்தர்கிட்ட குடுத்து அழிச்சுப் பண்ணீங்க?” என்று கேட்டால் உண்மையான விவரம் வரும். அழித்துப் பண்ணுவது என்பதைக் கட்டாயம் கேளுங்கள். தமிழ்நாட்டில் தங்க நகை தலைமுறைக்கு ஒருமுறையாவது உருக்கப்படுவது வழக்கமாதலால், பொன் பழையதாகவும் வடிவம் அண்மையதாகவும் இருப்பது சாதாரணம்.

உடம்பில் எங்கே

அடுத்த வேலை, நகை உடம்பில் எந்த இடத்தில், எப்படி நின்றது என்று கண்டுபிடிப்பது. துளையின் பருமன், வளைவின் உள்விட்டம், தொங்கும் நீளம் ஆகியவை இதைக் காட்டும். பாம்படமும் தண்டட்டியும் வளர்த்த காதுக்கு உரியவை. அவற்றின் தண்டு இன்றைய காதுத் துளையில் நுழையவே நுழையாது. மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிப் பக்கத்துப் பெண்கள் அணிந்த இந்த நகை கடலூர்ப் பெட்டியில் இருந்தால், அது தெற்கிலிருந்து வந்த மருமகளோடு வந்ததா, ஏலத்தில் வந்ததா என்று விசாரிக்க வேண்டும். மேற்காதுக்கான கொப்பும், காதிலிருந்து கூந்தலுக்கு ஏறும் மாட்டலும், பின்னலில் பதியும் ஜடைநாகமும் அணிந்தவரின் தலை அலங்காரத்தையே சொல்லிவிடுகின்றன. தமிழ்ப் பெண்கள் மூக்கை வலப்பக்கமோ இரு பக்கமுமோ குத்துவதும், வடக்கே பெரும்பாலும் இடப்பக்கம் குத்துவதும் வழக்கம் என்பதால், ஒற்றை மூக்குத்தியின் வளைவு எந்தப் பக்கத்துக்குப் பொருந்துகிறது என்று பார்ப்பதும் வீண் வேலையன்று.

விறைத்த வெள்ளிக் கழுத்து வளையம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் இதைக் காறை என்போம். குஜராத்திலும் ராஜஸ்தானிலும் இதே இடத்தில் ஹஸ்லி அணிகிறார்கள். வியட்நாமிலும் இதே போன்ற வளையம் உண்டு. சைகோனில் வேலை பார்த்த புதுச்சேரிக் குடும்பங்களின் வழியாக அது இங்கே வந்திருக்கவும் கூடும். தூரத்திலிருந்து பார்த்தால் மூன்றும் ஒன்றுதான். கையில் எடுத்தால் வேறுபாடு தெரியும். ஹஸ்லி நடுவில் பருத்து, இரு முனையை நோக்கி மெலிந்து, முனைக்கருகே கம்பி சுற்றப்பட்டிருப்பது வழக்கம். வியட்நாமிய வளையம் பெரும்பாலும் ஒரே பருமனாக ஓடும். முன்பக்கம் டிராகனோ பீனிக்ஸ் பறவையோ மலர்க்கொத்தோ செதுக்கியிருக்கும். இவற்றில் எதுவும் பொருந்தாமல் உள்ளூர் வேலைப்பாடு தெரிந்தால்தான் காறை என்ற முடிவுக்கு வர வேண்டும்.

காலுக்கும் இதே முறைதான். வார்ப்பில் திண்ணமாகச் செய்த கனத்த காப்பு பெரும்பாலும் வடமேற்கு இந்தியாவைச் சுட்டும். உள்ளே பரல் போட்ட குழல் வடிவத் தண்டையும், கண்ணி கண்ணியாகக் கோத்துத் திருகு வைத்த கொலுசும் நம் பக்கத்தவை. இடுப்புக்குக் கீழே தங்கம் அணிவதில்லை என்பது இந்துக் குடும்பங்களில் பரவலான வழக்கமாதலால், தங்கக் கொலுசைக் கண்டால் அது வேறு சமயத்தார் வீட்டிலிருந்து வந்ததா, அண்மைக்கால வழக்கமா என்று கேட்டுப் பார்க்கலாம்.

தாலி தனியாகச் சொல்ல வேண்டியது. சைவ, வைணவ அடையாளங்களைத் தாங்கியவை, கேரளத்து ஆலிலைத் தாலி, தெலுங்குக் குடும்பங்களின் இரட்டை வட்டப் பொட்டு, கருமணியோடு இரண்டு குழிவான கிண்ணங்கள் தொங்கும் மராத்தியத் தாலி, தமிழ் முஸ்லிம் பெண்களின் கருகமணி என்று வடிவமே குடும்பத்தை ஓரளவு சொல்லிவிடும். ஆனால் ஊரை அது சொல்லாது. கடலூர் மாவட்டத்திலும் புதுச்சேரியிலும் தெலுங்கு பேசும் குடும்பங்கள் பல தலைமுறையாக வாழ்கின்றன. அவர்களுடைய பொட்டுத் தாலியை அடித்தவர் உள்ளூர்ப் பத்தராகவே இருப்பார். கிறிஸ்தவத் தாலிக்குப் புதுச்சேரியில் தனி வரலாறு உண்டு. 1704ஆம் ஆண்டு இங்கே தங்கியிருந்த போப்பாண்டவரின் தூதர் தூர்னோன் பிறப்பித்த ஆணை, பிள்ளையார் உருவம் பொறித்த தாலியைக் கிறிஸ்தவப் பெண்கள் அணியக் கூடாது என்று தடுத்து, அதற்குப் பதிலாகக் கிறிஸ்தவத் திருவுருவம் உள்ள தாலியை அனுமதித்தது. சிலுவையும் புறாவும் பொறித்த இன்றைய தாலியை ஐரோப்பிய நகை என்று எண்ணுபவர் அதன் சரட்டையும் கோர்வையையும் பார்க்க வேண்டும். உருவம் மட்டும் மாறியிருக்கிறது, அணியும் முறை தமிழ் முறையே. கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களின் மின்னு இதிலிருந்து வேறானது; சிறு இலை வடிவத் தகட்டின் மேல் குட்டிப் பொன்மணிகளால் சிலுவை அமைத்திருப்பார்கள்.

திருப்பிப் பார்த்தல்

முகப்பு வாங்குபவரின் ஆசைக்காகச் செய்யப்படுவது. பின்புறத்தைப் பத்தர் தம் கைப்பழக்கத்தின்படி செய்கிறார். ஆகவே எந்த நகையையும் முதலில் கவிழ்த்துப் பார்க்க வேண்டும், அதற்கே அதிக நேரமும் தர வேண்டும்.

கல் பதித்த நகையின் பின்புறத்தில் சிவப்பும் பச்சையும் வெள்ளையுமாக மீனாகாரி வண்ணப் பூச்சில் பூவேலை இருந்தால் ஜெய்ப்பூர் மரபை முதலில் நினைக்க வேண்டும். இளஞ்சிவப்புப் பூச்சு மேலோங்கினால் காசியின் குலாபி மீனாவை நினைக்க வேண்டும். தென்னாட்டுப் பழைய வேலையில் அந்த இடத்தில் பெரும்பாலும் வெறும் பொன்தகடோ, கிளியோ தாமரையோ மெல்லச் செதுக்கிய தகடோதான் இருக்கும். வண்ணக் கண்ணாடியின் மேல் பொன்தகட்டுச் சித்திரம் ஒட்டியிருந்தால் அது ராஜஸ்தானின் பிரதாப்கர் ஊரைச் சேர்ந்த தேவா வேலை.

அடுத்து, கைவிளக்கைப் பின்னால் பிடியுங்கள். ஒளி கல்லின் வழியே வராவிட்டால் அது மூடிய கட்டு: அடியில் பளபளப்பான தகட்டை வைத்து, சுற்றிலும் பொன்னை நெருக்கிக் கல்லைப் பதித்திருக்கிறார்கள். கெம்புக்கல் நகைகள் பெரும்பாலும் இப்படிப்பட்டவை. கல்லை நகம் போன்ற கம்பிகள் பிடித்திருந்து ஒளி தடையில்லாமல் ஊடுருவினால் அது ஐரோப்பியப் பழக்கத்தின் தாக்கம். தோட்டின் முகப்பு எவ்வளவு தமிழாக இருந்தாலும் கட்டு திறந்திருந்தால், பின்னாளில் செய்யப்பட்டதாகவோ புதிதாகக் கட்டப்பட்டதாகவோ கருதலாம்.

நாகர்கோவிலை அடுத்த வடசேரியின் கோயில் நகைகள் புவிசார் குறியீடு பெற்றவை. அங்கே வெள்ளித் தகட்டில் உருவம் அமைத்து, சிவப்புக் கெம்பும் இடையிடையே பச்சையும் வெள்ளையும் பதித்து, பொன் பூசுகிறார்கள். பரதநாட்டிய அரங்கேற்றத்துக்கென்று கடைகளில் கிடைப்பவற்றில் பெரும்பகுதி அதைப் பார்த்துச் செம்பில் செய்து முலாம் பூசியவை. தேய்ந்த விளிம்பில் வெள்ளை தெரிகிறதா, செம்பின் சிவப்புத் தெரிகிறதா என்று பார்த்தாலே போதும்.

ரவை வேலைதான் இந்தப் பகுதியில் மிக நுட்பமானது. சிறுசிறு பொன்னுருண்டைகளைத் தகட்டின்மேல் அடுக்கிப் பற்றவைக்கும் இந்த வேலையைக் கண்ணாடியில் பார்த்தால், ஒவ்வோர் ரவையும் தகட்டை ஒரு புள்ளியில் மட்டும் தொடுவதும், அதன் இடுப்புக்குக் கீழே நூலிழை அளவு நிழல் விழுவதும், அந்த நிழலுக்குள் அழுக்கு அடைந்திருப்பதும் தெரியும். ஒன்றிரண்டு ரவை சற்றுப் பெரியதாகவோ வரிசை விலகியோ இருக்கும். வார்ப்பில் எடுத்த போலியில் அந்த நிழல் இருக்காது. உருண்டையின் அடி தகட்டோடு சேர்ந்து குழைந்திருக்கும். எந்தக் கருவியும் இல்லாமல் செய்யக்கூடிய சோதனை ஒன்றும் உண்டு. ஜோடியில் ஒரு காதணியின் குறையை நினைவில் வைத்துக்கொண்டு மற்றதில் அதே இடத்தைப் பாருங்கள். அதே ரவை அதே பக்கம் சப்பையாக இருந்தால் இரண்டும் ஒரே அச்சிலிருந்து வந்தவை.

திருகும், அது ஏறி உட்காரும் சுரையும் பேசக்கூடியவை. கையால் வெட்டிய புரிகள் சீராக இருக்கமாட்டா. வலத்தோட்டின் திருகு இடத்தோட்டின் சுரையில் ஏறாது, அதனால் மாறிப்போகாமலிருக்கச் சில ஜோடிகளில் பத்தர் சிறு வெட்டு வைத்திருப்பார். புரிகள் ஒரே சீராக இருந்து, திருகுகள் மாற்றி மாற்றிப் பொருந்தினால் அது இயந்திரத் திருகு. கேடிஎம் என்று குத்தியிருந்தால் காட்மியம் கலந்த பற்றுவைப்பு. அது 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவியது. தகட்டின் மூலையில் ஊசியால் கீறிய எண்கள் கண்ணில் பட்டால், அவற்றை மர்ம எழுத்தாக எண்ணி மண்டையைக் குடைந்துகொள்ள வேண்டாம். பெரும்பாலும் அது அடகுக் கடைப் பேரேட்டின் எண்ணாகவே இருக்கும். அந்த எண்ணும் நகை எங்கெங்கே போய்வந்தது என்பதற்கு ஒரு தடயமே.

தேய்மானத்தையும் விட்டுவிடக் கூடாது. உண்மையில் அணியப்பட்ட சங்கிலியின் கண்ணிகள் ஒன்றையொன்று உரசும் இடத்தில் மட்டும் மெலிந்திருக்கும். பதக்கத்தின் பின்புறம் தோலும் துணியும் பட்டு மழுங்கியிருக்கும். கொலுசின் உட்புறம் வழவழப்பாகவும் வெளிப்புறச் செதுக்கல் கூர்மையாகவும் இருக்கும். மேடு, பள்ளம் என்ற வேறுபாடில்லாமல் எல்லா இடமும் ஒரே அளவில் கறுத்திருந்தால் அந்தக் கறுப்பு மருந்தில் முக்கி எடுத்தது.

முத்திரையும் காசும்

புதுச்சேரி நகைகளில் பிரெஞ்சு முத்திரையைத் தேடுவது தனிச் சுவை. கழுகின் தலை 1838 முதல் பிரான்சில் 18 காரட் தங்கத்துக்கு இடப்படும் முத்திரை; மினர்வா தெய்வத்தின் தலை அதே ஆண்டு முதல் வெள்ளிக்கு இடப்படுவது. செய்தவரின் முத்திரை சாய்சதுரக் கட்டத்துக்குள் இருக்கும். இவை மிகச் சிறியவை என்பதால் காதணிக் கம்பியிலும் கொக்கியின் நாக்கிலும் கண்ணாடி வைத்துத் தேட வேண்டும். இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது ஆந்தை. பிற நாட்டிலிருந்து பிரான்சுக்குள் வந்து விற்பனைக்காகச் சோதிக்கப்பட்ட நகைக்கு 1893 முதல் அங்கே ஆந்தை முத்திரை குத்துகிறார்கள். ஆகவே, தமிழ்ச் சரடு ஒன்றின் கொக்கியில் ஆந்தை இருந்தால் அது பிரான்சில் செய்யப்பட்டது என்று பொருளன்று. இங்கே செய்யப்பட்டுக் கப்பலேறிப் போய், அங்கே கைமாறவோ சோதிக்கப்படவோ செய்து, மீண்டும் ஊர் திரும்பியிருக்கிறது. 1962இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பங்கள் இங்கே இருப்பதால் இப்படிப்பட்ட பயணம் வியப்பானதன்று. மறுபுறம், முத்திரை இல்லாததை வைத்து எந்த முடிவுக்கும் வரக் கூடாது. உள்ளூர்ப் பத்தர் வேலையில் முத்திரை இல்லாமலிருப்பதே இயல்பு.

இந்திய ஹால்மார்க் முத்திரை தங்கத்துக்கு 2000த்தில்தான் வந்தது. 916 என்பது 22 காரட்டைக் குறிக்கும். ஆறு இலக்கத்தில் எழுத்தும் எண்ணும் கலந்த அடையாளக் குறி 2021 முதல் இடப்படுகிறது. பாட்டியின் நகை என்று விற்கப்படும் ஒன்றில் இந்த ஆறு இலக்கக் குறி இருந்தால், அது புதியது அல்லது பழையதை எடுத்துப்போய் அண்மையில் முத்திரை வாங்கியது. எது என்று விற்பவரிடமே கேளுங்கள்.

காசுமாலையில் காசைப் படிக்க வேண்டும். காசில் உள்ள ஆண்டு, நகை அதற்கு முந்தியதன்று என்பதை மட்டும் உறுதிப்படுத்தும். எவ்வளவு பிந்தியது என்பதைச் சொல்லாது. ஒரு மாலையில் பல ஆண்டுக் காசுகள் இருந்தால் அவற்றுள் கடைசி ஆண்டே கணக்கு. பிரிட்டிஷ் சவரன் 22 காரட்டில் ஏறத்தாழ 7.98 கிராம் எடையுள்ளது, பிரான்சின் 20 பிராங்க் பொற்காசு 900 மாற்றில் 6.45 கிராம், தராசில் வைத்தாலே பத்தர் அடித்த போலிக் காசு பெரும்பாலும் தெரிந்துவிடும். இருபுறமும் இலட்சுமி உருவம் உள்ளவை நகைக்கென்றே அடித்த காசுகள். வெள்ளி நகையில் 27 கிராம் எடையுள்ள பெரிய பிரெஞ்சு இந்தோசீனப் பியாஸ்டர் தொங்கினால் சைகோன் தொடர்பை விசாரிக்க வேண்டும். அந்தக் காசு 1885 முதல் 1928 வரை அடிக்கப்பட்டது.

கல்லும் மணியும்

கல்லும் மணியும் மனிதரைவிட அதிகம் பயணம் செய்பவை என்பதால் அவற்றை வைத்து மரபை முடிவு செய்யக் கூடாது. காலத்தை ஓரளவு கணிக்கலாம். சிவப்புக் கல்லுக்குள் வளைந்த கோடுகள் அடுக்கடுக்காகத் தெரிந்தால் அது வெர்னாய் முறையில் ஆக்கிய செயற்கைக் கெம்பு. அந்த முறை 1902இல்தான் வெளியானது. ஆகவே அந்தக் கல் அதற்குப் பிந்தியது, மாற்றிப் பதித்ததாக இல்லாவிட்டால் நகையும் பிந்தியதே. பாட்டிமார் பெருமையாகச் சொல்லும் ப்ளூ ஜாகர் வைரம் தென்னாப்பிரிக்காவின் யாகர்ஸ்பான்டைன் சுரங்கத்தின் பெயரால் வந்தது. அங்கே வைரம் கிடைத்தது 1870ஆம் ஆண்டையொட்டி. எனவே கோல்கொண்டா காலத்து ப்ளூ ஜாகர் தோடு என்று யாராவது விலை சொன்னால் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம்.

கண்ணாடி மணியைப் பற்றி அரிக்கமேட்டுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு பேசாமலிருக்க முடியாது. அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் 1945இல் மார்ட்டிமர் வீலரும், பின்னர் கசாலும், 1989 முதல் விமலா பெக்லியும் அகழ்ந்த இந்த இடம் மணி செய்யும் தொழிலுக்குப் பெயர்பெற்றது. கண்ணாடியைக் குழலாக இழுத்துத் துண்டு துண்டாக நறுக்கி, மறுபடி சூடேற்றி முனைகளை மழுக்கும் முறையில் செய்த இத்தகைய மணிகள் தென்கிழக்கு ஆசியா முதல் ஆப்பிரிக்கா வரை கிடைக்கின்றன. இழுத்த மணியில் குமிழியும் கீற்றும் துளைக்கு இணையாக நீளவாக்கில் ஓடும். கம்பியில் சுற்றிச் செய்த மணியில் அவை துளையைச் சுற்றி வளையமிடும். இந்த ஒரு வேறுபாட்டைக் கண் பழகிக்கொண்டால் பாதி மணிகளைப் பிரித்துவிடலாம். எனினும் இழுத்த மணி என்பதாலேயே அரிக்கமேட்டு மணி ஆகிவிடாது. ஆந்திரத்தின் பாப்பாநாயுடுபேட்டையில் அண்மைக்காலம்வரை இதே முறையில் மணி செய்திருக்கிறார்கள். உண்மையான அரிக்கமேட்டு மணி எப்படி இருக்கும் என்று அறியப் புதுச்சேரி அருங்காட்சியகத்துக்குப் போவதே வழி. பாதுகாக்கப்பட்ட அந்த மேட்டில் மணி பொறுக்குவது சட்டப்படி குற்றம், அங்கே பொறுக்கியது என்று சொல்லி விற்பவரிடம் வாங்குவதும் வம்பு.

உருவங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும்: அவற்றைக் கடைசியாகப் பாருங்கள். மாங்காய், மயில், அன்னம், தாமரை நாடெங்கும் உண்டு. பிறையைக் கண்டதும் இஸ்லாமிய நகை என்று சொல்பவர் தமிழ் மணப்பெண்ணின் தலையில் இருக்கும் சந்திரப்பிறையை மறந்துவிடுகிறார். யாளியும் மகரமும் தெற்கைச் சற்று அழுத்தமாகச் சுட்டும் என்பது உண்மைதான், ஆனால் அவையும் இன்று எந்த ஊர் அச்சிலும் கிடைக்கின்றன.

கடற்கரையிலும் ஞாயிற்றுச் சந்தையிலும்

புதுச்சேரி மகாத்மா காந்தி சாலையின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலும் கடற்கரைச் சாலையை ஒட்டிய கடைகளிலும் பழங்குடி நகை என்ற பெயரில் விற்பவற்றில் பெரும்பாலானவை வட இந்தியப் பட்டறைகளில் அண்மையில் கோத்தவை. அவற்றை அழகுக்காக வாங்குவதில் பிழையில்லை, மரபுக்கென்று கூடுதல் விலை கொடுப்பதில்தான் பிழை. ஜெர்மன் சில்வரில் வெள்ளி துளியும் இல்லை; அது செம்பும் நிக்கலும் துத்தநாகமும் சேர்ந்த கலவை. வெள்ளியைக் காந்தம் இழுக்காது, எனவே காந்தம் ஒட்டினால் பேச்சை முடித்துவிடலாம். ஒட்டாவிட்டால் வெள்ளி என்று பொருளாகாது. திபெத்திய நகையின் நீலப்பச்சைக் கல்லில் வெடிப்புகளுக்குள் மட்டும் நிறம் திரண்டு நின்றால் அது சாயமேற்றிய வேறு கல். நரிக்குறவர் கோத்து விற்கும் பாசிமாலையில் மணி வடக்கேயுள்ள கண்ணாடித் தொழிற்கூடங்களிலிருந்து வந்திருக்கலாம். ஆனால் கோக்கும் கையும் நிறச் சேர்க்கையும் முடிச்சும் அவர்களுடையவை, ஆகவே அதை அவர்களுடைய நகை என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. லம்பாடி நகையாக விற்கப்படுவதில் காசு, சோழி, சலங்கைக் குண்டு ஆகியவை துணியிலோ கயிற்றிலோ கையால் தைக்கப்பட்டிருக்கின்றனவா, பசையால் ஒட்டப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள்.

புலிநகப் பதக்கமும் தந்த வளையலும் பெட்டியில் இருந்தால் விற்கவோ வாங்கவோ முயல வேண்டாம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அந்த வணிகத்தைத் தடுக்கிறது. வனத்துறையிடம் கேட்டு அவர்கள் சொல்லும் வழியில் நடக்க வேண்டும். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட நகை, அதே 1972இல் வந்த தொல்பொருள் சட்டத்தின்கீழ் தொல்பொருளாகக் கருதப்படலாம். பிரான்சிலுள்ள உறவினருக்குக் கொடுத்தனுப்ப நினைப்பவர்கள் அதற்கு முன் இந்தியத் தொல்லியல் துறையிடம் விசாரிப்பது நல்லது.

எழுதி வைக்கும் முறை

கண்டறிந்ததை எழுதும்போது கண்ணால் கண்டது, வீட்டார் சொன்னது, நீங்கள் ஊகித்தது ஆகிய மூன்றையும் கலக்காமல் தனித்தனி வரியில் எழுதுங்கள். ஒரு தோட்டுக்கு இப்படி எழுதலாம்: “தங்கத் தோடு, ஜோடி. மூடிய கட்டு, பின்புறத்தில் தாமரை செதுக்கிய தகடு. கையால் வெட்டிய திருகு, ஒன்றில் சிறு வெட்டு. இடத்தோட்டில் ஒரு கல் மாற்றப்பட்டது, வளைந்த கோடுகள் உள்ளன. முத்திரை இல்லை. திருப்பாதிரிப்புலியூர்ப் பத்தர் செய்தது என்று வீட்டார் சொல்கிறார்கள், ரசீது இல்லை. தென்னாட்டு வேலைப்பாடு என்பது உறுதி, கடலூரில் செய்தது என்பது செவிவழிச் செய்தி.” கடைசி வரியில் உறுதிக்கும் செவிவழிக்கும் இடையே வைத்த அந்தப் பிரிவுதான் பின்னால் வருபவருக்குப் பயன்படும்.

மரபை ஊகிக்கும்போது எப்போதும் பெரிய வட்டத்திலிருந்து சிறிய வட்டத்துக்கு வாருங்கள்: தென்னிந்தியம், தமிழகம், வடதமிழகம், குடும்பம் என்ற வரிசையில் சான்று எங்கே நிற்கிறதோ அங்கேயே நீங்களும் நின்றுவிட வேண்டும். பழைய வேலை தெரிந்த இரண்டு பத்தர்களிடம் தனித்தனியே காட்டி, ஒருவர் சொன்னதை மற்றவருக்குச் சொல்லாமல் கேளுங்கள். இருவரும் ஒத்துப்போகும் இடத்தை மட்டும் மையால் எழுதலாம், மற்றதைப் பென்சிலால் எழுதுங்கள். எழுதிய தாளை நகையோடு மெல்லிய பருத்தித் துணியில் சுற்றி வைத்து, படங்களின் இன்னொரு பிரதியை வேறு வீட்டில் கொடுத்து வையுங்கள். பூந்திக்கொட்டையை அதற்கு மேல் ஊறவைக்கலாம், ஆனால் அரக்கு அடைத்த நகைகளையும் மூடிய கட்டுள்ள கெம்பு நகைகளையும் தண்ணீரில் முக்காமல் ஈரத் துணியால் துடைத்தெடுப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், தண்ணீர் உள்ளே இறங்கினால் கல்லுக்கு அடியிலுள்ள தகடு கறுத்துப்போகும்.